‘சீ’ சொல்லாதவள்

அவள் வாயிலிருந்து ‘சீ’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் பெண் பிள்ளைகள் தங்குகிற ஒரு பி.ஜி.யில் நான் சமையல் வேலை பார்க்கிறேன். எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். முகமெல்லாம் மறந்துவிடும். யாருக்கு எது ஆகாது என்பது மட்டும் மனதில் நிற்கும். ஒருத்திக்குக் கத்தரிக்காய் ஆகாது. இன்னொருத்திக்கு ரசத்தில் பூண்டு மிதக்கக் கூடாது. இவளுக்கு ஆகாதது என்று ஒன்றும் கிடையாது.

இவளை நான் முதலில் கவனித்தது ஒரு காலிஃபிளவர் குருமாவால். எவ்வளவோ பார்த்துப் பார்த்து உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தும், ஒரு பச்சைப் புழு தப்பித்துக் குருமாவில் வந்துவிட்டது. ஒரு பிள்ளை அலறினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அலறினார்கள். ஓனரம்மா கீழே இருந்து ஓடி வந்தார். அவர் இந்த ஊர்க்காரர். கன்னடம் பேசுவார், தெலுங்கு பேசுவார், எனக்காக உடைத்து உடைத்துத் தமிழ் பேசுவார். “ஏனம்மா இது? கண்ணு இல்லவா உனக்கு?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் கரண்டியோடு தலையைக் குனிந்து நின்றேன்.

இவள் எழுந்து வந்து, அந்தத் தட்டிலிருந்து புழுவை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“பாவம், வெந்து போச்சு. இது இலை தின்ற புழு. நம்மள ஒண்ணும் பண்ணாது. நம்மள ஏதாவது பண்றதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.”

“ஏய், சாப்பிடறோம்டி!”

“சாப்பிடுங்க. புழு இருக்குதுன்னா மருந்து அடிக்காத காய்னு அர்த்தம். ஓனர் ஆன்ட்டி நல்ல காய் வாங்குறாங்க. சந்தோஷப்படுங்க.”

ஓனரம்மாவுக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “நல்ல காய்தான் வாங்கறேன், மத்தே? வேற என்ன?” என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். இவள் அந்தக் குருமாவையே இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்லிச் சாப்பிட்டாள். எனக்காகச் சாப்பிட்டாள் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி இல்லை. அவளுக்கு நிஜமாகவே அருவருப்பு என்பது தெரியாது. புழு பூச்சிதான் அவள் வேலையே என்பது பிறகுதான் தெரிந்தது.

வயிற்றில் இருக்கிற பூச்சி, ரத்தத்தில் இருக்கிற கிருமி, கொசு கொண்டு வருவது, மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் ஏறுவது, இதையெல்லாம் பற்றி இன்டர்நெட்டில் பாடம் போடுகிற ஓர் ஆபீசில் இருந்தாள். ஊர் ஊராகப் போய் மாத்திரை கொடுக்கிற பெண்களும், அங்கன்வாடி டீச்சர்களும், பிள்ளை பெற்றவர்களும் போனைத் திறந்து பார்த்துப் படித்துக்கொள்ளலாம். காசில்லை, பரீட்சையில்லை. “புத்தகம் வாங்க வேண்டாம் ஆன்ட்டி, கைல போன் இருந்தா போதும்” என்பாள்.

பாதி நாள் ஆபீசுக்குப் போகமாட்டாள். மதியம் எல்லோரும் வேலைக்குப் போனபின், சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் உள்ளே சாயங்காலத்துக்குச் சப்பாத்தி திரட்டுவேன். நடுநடுவே வந்து ஒரு சப்பாத்தியை எடுத்துத் தட்டில் போட்டு எனக்குப் பாடம் காட்டுவாள். சப்பாத்தி ஓரத்தில் ஒரு கடுகு வைப்பாள்: “இது முட்டை, மண்ணுல கிடக்கு.” கொஞ்சம் தள்ளி ஒரு பருப்பு: “இது குட்டிப் புழு. கால் வழியா உள்ள ஏறுது.” அப்புறம் ஒரு கறிவேப்பிலை: “இது குடல்ல உக்காந்து ரத்தம் குடிக்குது. இது முட்டை போடும். அது வெளிக்கிப் போறப்போ மறுபடி மண்ணுக்கு வரும்.” கடுகிலிருந்து புறப்பட்டுச் சப்பாத்தியைச் சுற்றிக் கடுகுக்கே வந்து சேர்ந்துவிடுவாள்.

“வட்டம் ஆன்ட்டி. எல்லாம் வட்டம்தான். எங்க வெட்டலாம் சொல்லுங்க?”

“செருப்புப் போட்டுகினா ஏறாது இல்ல?”

“அப்போ இங்க வெட்டு.” சப்பாத்தியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். “வேற எங்க?”

“கக்கூஸ் கட்டிகினா மண்ணுக்கு வராது.”

இன்னொரு துண்டு போகும். கடைசியில் வட்டம் முழுக்க அவள் வயிற்றில் இருக்கும். எந்த நோயைப் பற்றிப் பேசினாலும் அவள் இந்தக் கேள்வியைத்தான் கேட்பாள்: எங்க வெட்டலாம்?

அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. கண்டோன்மென்ட் பக்கம் வீடு. அங்கிருந்து இங்கே வந்து போவதற்குள் பொழுது போய்விடும் என்று பி.ஜி.யில் இருந்தாள். தமிழ் மடமடவென்று பேசுவாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும்தான் படித்தது. தமிழ் எழுத்தைக் கண்டால் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்குப் படிக்க வரும். யாரோ தமிழில் எழுதி அனுப்பும் பாடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு ஆள் வேண்டும்.

“ஆன்ட்டி, ஸ்வல்பம் இதைப் படிச்சி சொல்லுங்க. உங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்.”

அப்படித்தான் நான் அந்த மேஜைக்குப் பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன். உட்காரச் சொல்வாள். உட்காரமாட்டேன். பிள்ளைகள் சாப்பிடுகிற மேஜையில் உட்கார எனக்குக் கூச்சம்.

ஒருநாள் வாசித்துக்கொண்டே வந்தவள் திக்கென்று நின்றுவிட்டேன். பாடத்தில், ‘குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுங்கள்’ என்று எழுதியிருந்தது.

“ஐயோ பாப்பா, இதப் போட்றாதே!”

“ஏன் ஆன்ட்டி? வயித்துப் பூச்சிக்கு மருந்து. பூச்சி மருந்து. கரெக்ட்டுதானே?”

“எங்க ஊர்ல பூச்சி மருந்துன்னா வயலுக்கு அடிக்கிறது. மனசு ஒடிஞ்சவங்க குடிக்கிறது. படிக்கத் தெரியாதவ எவளாவது கேட்டுட்டு, வீட்ல கீற டப்பாவ எடுத்து புள்ளைக்கு ஊத்திட்டா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் பெரிதாகிவிட்டது. “எங்க வீட்ல அம்மா அப்படித்தான் சொல்வாங்க. எங்க தெருவுல ஏது வயலு!”

“பூச்சி மாத்திரைன்னு போடு. மாத்திரைன்னா யாரும் வயலுக்குப் போவ மாட்டாங்க.”

அங்கேயே மாற்றினாள். எல்லாப் பாடத்திலும் தேடித் தேடி மாற்றினாள். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்த பிள்ளைகள் எல்லோரிடமும், “இன்னிக்கு நான் ஒரு ஊரையே கொன்னிருப்பேன், ஆன்ட்டி தடுத்துட்டாங்க” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தன் தப்பைச் சொல்லவும் அவளுக்கு வெட்கம் கிடையாது.

அது நல்ல குணம்தான். ஆனால் அதே குணத்தைக் கண்டு நான் பயந்த நாளும் உண்டு.

ஒருநாள் காலை டிபன் நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை தலையைச் சொறிந்தது. இவள் அந்தத் தலையை எட்டிப் பார்த்துவிட்டு, உப்புமாவைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: “உனக்குப் பேன் இருக்கு. சாயங்காலம் ரூமுக்கு வா, சீப்பு வெச்சி எடுத்துடலாம்.”

யாரோ ‘சீ’ என்றார்கள். அந்தப் பிள்ளை தட்டை அப்படியே வைத்துவிட்டு அழுதுகொண்டே எழுந்து போனது. அந்த வாரமே வேறு பி.ஜி.க்கு மாறிவிட்டது.

இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சமையற்கட்டுக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

“நான் என்ன ஆன்ட்டி தப்பா சொன்னேன்? தலையில இருக்கறதத் தலையில இருக்குன்னேன்.”

“எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியே பாப்பா.”

“தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னா அது பெரிய விஷயம் ஆயிடும். எல்லார் முன்னாடியும் சொன்னாத்தான் அது சின்ன விஷயம்.”

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அந்தப் பிள்ளை அழுததும் நிஜம். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கே சேலையை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டினேன், தரையில் புரளுகிற மாதிரி.

ஏனென்றால் என் இடது கால்.

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். கல்யாணத்துக்கு முன்னாலேயே தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர் தூக்கிப் போடும், கால் சிவந்து எரியும். சில நாளில் அடங்கிவிடும். ஒவ்வொரு தடவை அடங்கும்போதும் கால் கொஞ்சம் பெருத்துப் போயிருக்கும். எதையோ மிதித்துவிட்டேன் என்றார்கள். மந்திரித்தார்கள். பெங்களூர் வந்தபின் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தேன். மாவு ஆட்டும்போது சேலை ஒதுங்கி அந்த வீட்டம்மா பார்த்துவிட்டார். மறுநாள் போனால், நான் தொட்ட பாத்திரங்கள் எல்லாம் வாசலுக்கு வெளியே கிடந்தன. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கதவைத் திறக்கவுமில்லை.

அதனால் இங்கே வேலைக்குச் சேரும்போது ஓனரம்மாவிடம் முட்டிவாதம் என்று சொல்லியிருந்தேன். பரிமாறுகிற மேடைக்குப் பின்னாலேயே நிற்பேன். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு மாடி ரூமுக்கு டிபன் கொண்டுபோகும்போதும் சேலையை இழுத்துவிட்டுக்கொள்வேன். தங்குவதும் இங்கேதான், கீழே ஓர் அறையில். இந்த வேலை போனால் எனக்குப் படுக்கவும் இடமில்லை. சப்பாத்திக்கும் புழுவுக்கும் வித்தியாசம் பார்க்காமல் பேசுகிற இந்தப் பிள்ளை, என்றைக்காவது என் காலைப் பார்த்துவிட்டு மேஜைக்கு நடுவில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு உதறல்.

அந்தப் பயத்தோடு நான் இருக்கும்போதுதான் அந்தப் பாடம் வந்தது.

வழக்கம்போல மதியம் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் ‘யானைக்கால் நோய்’ என்று இருந்தது. கீழே ஒரு படம். எந்தத் தேசத்துக் காலோ, தூண் மாதிரி, பாறை மாதிரி. நான் வாசிக்கவில்லை.

“எழுத்து சின்னதா இருக்கா ஆன்ட்டி?”

“இல்ல.” எப்படித்தான் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். “இந்தப் பேரு போட்டா எவளும் தொறக்க மாட்டா.”

“ஏன்?”

“கால் கொஞ்சமா வீங்கினவ, இது நமக்கில்லன்னு தள்ளிட்டுப் போய்டுவா. யானைக்கால்னு ஊரே சொல்லிப்புடுமோன்னுதானே அவளே ஒளிச்சிகினு இருக்கா. போன்ல அந்தப் பேரத் தொடுவாளா? பக்கத்துல யாராவது பாத்துட்டா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண் என் முகத்திலேயே நின்றது, கீழே இறங்கவில்லை. இறங்காமல் இருப்பதற்கு அவள் பாடுபட்டாள் என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது.

“அப்போ என்ன பேர் போடலாம்?”

“கால் வீக்கம்னு போடு. வீங்கின காலை எப்படிக் கழுவுறதுன்னு போடு. கால் கழுவுறதுதானே, யாரும் ஒண்ணும் நெனக்க மாட்டாங்க.”

டைப் அடித்தாள். “மொதல் வரி என்ன போடலாம்? கொசுவுல ஆரம்பிக்கலாமா?”

“கொசு அப்புறம் வரட்டும். இது ஒட்டாதுன்னு போடு மொதல்ல.” சேலை நுனியை விடாமல் கேட்டேன். “ஒட்டாதுதானே பாப்பா?”

“ஒட்டாது ஆன்ட்டி.” என்றைக்கும் இல்லாத மாதிரி மெதுவாகச் சொன்னாள். “தொட்டா ஒட்டாது. ஒண்ணா படுத்தா ஒட்டாது. சமைச்சுப் போட்டா ஒட்டவே ஒட்டாது. கொசு கடிச்சுக் கொண்டு வர்றது. அது எப்பவோ வந்து, பெரும்பாலும் அந்தப் புழுவெல்லாம் செத்தும் போயிருக்கும். வீக்கம்தான் மிச்சம்.”

இதையெல்லாம் முதல் வரியாகப் போட்டாள். நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அதற்குப் பிறகு அவள் நடந்துகொண்டதை அப்போது நான் புரிந்துகொள்ளவில்லை. மற்றப் பாடங்களை ஒரு தடவை வாசித்தால் போதும் அவளுக்கு. இந்தப் பாடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். “மறந்துட்டேன் ஆன்ட்டி, இன்னொரு தடவை.” “இந்த இடம் சரியா வரல, இன்னொரு தடவை.” சாதாரண சோப்பு, சாதாரணத் தண்ணீர், சுடுதண்ணீர் வேண்டாம். தேய்க்காமல் கையால் மெல்லக் கழுவ வேண்டும். விரலிடுக்கை மறக்கக் கூடாது. துணியால் ஒத்தி ஈரம் போக எடுக்க வேண்டும். விரலிடுக்கில் புண்ணோ வெடிப்போ இருந்தால் டாக்டரிடம் காட்டி மருந்து போட வேண்டும், ஏனென்றால் அந்த வழியாகக் கிருமி போய்த்தான் குளிர்க் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. உட்காரும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும். வாசித்து வாசித்து எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சப்பாத்தி திரட்டும்போது வாய் தானாகச் சொல்லும்.

ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து சமையற்கட்டில் போட்டாள். ஓனரம்மா கேட்டதற்கு, “நான் வந்து உக்காந்து பேசறதுக்கு ஆன்ட்டி” என்றாள். ஒருநாளும் அதில் உட்காரவில்லை. நான் காய் நறுக்குகிற இடத்துக்குக் கீழே அதைக் காலால் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

நான் கழுவ ஆரம்பித்தேன். யாருக்கும் தெரியாமல், என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. மெட்டி விரலில் புதைந்து கிடந்தது, சோப்பு போட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கழற்றினேன். அதற்கடியில் புண். ஆனேக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் களிம்பு வாங்கி வந்தேன். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு தடவைகூடக் குளிர்க் காய்ச்சல் வரவில்லை. கால் சிறுத்துவிடவில்லை. ஆனால் அது என் கால் மாதிரி ஆயிற்று. அதுவரை அது எனக்கே யாருடையதோ மாதிரித்தான் இருந்தது.

பாடத்துக்கு வீடியோ எடுக்கிற நாள் வந்தது. காலில் வீக்கம் உள்ள ஒரு பெண்மணி வந்து கழுவிக் காட்டுவதாகப் பேசியிருந்தார்கள். அன்றைக்கு மதியம் இவள் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தாள். மேஜைக்குப் போகாமல் நேரே சமையற்கட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தம்மா வரமாட்டேன்னுட்டாங்க ஆன்ட்டி. வீட்டுக்காரர் வேணாம்னுட்டாராம். கடைசில அந்தப் பழைய போட்டோவையே போடணும். அந்தப் பாறைக்கால். அதைப் பாத்தா இது என்னோட கால்னு யாருக்குத் தோணும்? கழுவணும்னு எப்படித் தோணும்?”

நான் ஆற வைத்திருந்த ஒரு சப்பாத்தியை எடுத்து, தின்னாமல், துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எங்க வெட்டலாம் என்று கேட்கவில்லை. என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. எல்லாரிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறவள், தனக்கு வேண்டியது தன் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும், வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினேன்.

“இந்தக் கால் ஆவுமா பாரு.”

அவள் ‘ஐயோ’ என்று சொல்லவில்லை. ‘பாவம்’ என்று சொல்லவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, பாதத்தைக் கையில் ஏந்தி, விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

“விரலிடுக்கெல்லாம் நல்லா காய வெச்சிருக்கீங்க ஆன்ட்டி.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“உங்க இடது செருப்போட வாரை மட்டும் தளத்தித் தெச்சிருக்கீங்களே, நான் வந்த வாரமே பாத்தேன்.” பாதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “பேன் பாத்த பொண்ணு போனதுக்கு அப்புறம், இதை நீங்களாத்தான் சொல்லணும்னு வெச்சிருந்தேன்.”

முகம் வரக்கூடாது என்றேன். சரி என்றாள். குரலும் வேண்டாம் என்றேன். “என் குரல்லயே பேசிடறேன்.” சமையற்கட்டும் தெரியக்கூடாது. மொட்டை மாடியில், துணி காய்கிற கொடிக்கு அந்தப்புறம், அவள் ரூம் பக்கெட்டில் தண்ணீர் வைத்து எடுத்தோம். நான் கழுவினேன், அவள் போனைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். “மெதுவா ஆன்ட்டி. யாரும் துரத்தல.” முடிந்ததும் என் காலை அவளே துண்டால் ஒத்தினாள். “இது வீடியோவுக்கு இல்ல” என்றாள்.

எல்லாம் பார்த்தோம், பக்கெட்டைப் பார்க்கவில்லை. ஓனரம்மா ஒவ்வொரு ரூம் பக்கெட்டிலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதி வைத்திருப்பார், களவு போகாமல் இருக்க. அந்த நம்பர் படத்தில் விழுந்திருந்தது.

அந்தப் பாடத்தைக் கன்னடத்திலும் போட்டிருந்தார்கள். படம் அதே படம், பேச்சு மட்டும் வேறு. ஓனரம்மாவின் சொந்தத்தில் ஒருத்தி, ‘ஆஷா’ என்று வீடு வீடாகப் போய்ச் சுகாதார வேலை பார்க்கிறவள், அதை அவருக்கு அனுப்பிவிட்டாள். காலை டிபன் நேரத்தில் போனை நீட்டிக்கொண்டு ஓனரம்மா உள்ளே வந்தார்.

“ஏய், இது நம்ம மாடி! நம்ம பக்கெட்! நிம்ம ரூம் நம்பரு!” என்று இவளைக் கேட்டார். “யார் காலு இது?”

நான் மேடைக்குப் பின்னால் இட்லித் தட்டோடு நின்றேன். கை நடுங்கித் தட்டு சத்தம் போட்டது. வாசலுக்கு வெளியே கிடந்த பாத்திரங்கள்தான் கண்ணுக்குள் வந்தன. இவள் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிறவள், இட்லியைக் கீழே வைத்துவிட்டு ஓனரம்மாவைப் பார்த்தாள்.

“அதை நான் சொல்லமாட்டேன் ஆன்ட்டி.”

“நீ சொல்லமாட்டியா? நீனா?”

“நான்தான். கால் யாருதுன்னு விடுங்க. என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.”

ஓனரம்மா போனை மறுபடி ஓடவிட்டார். முதல் வரி கன்னடத்தில் கணீரென்று வந்தது: ‘இது அண்டு ரோக அல்ல.’ ஒட்டுகிற நோயல்ல. தொடலாம், கூடப் படுக்கலாம், இவர்கள் சமைத்ததைச் சாப்பிடலாம். நான் போடச் சொன்ன வரி எனக்குப் புரியாத எழுத்தில் போய், எனக்குப் புரிகிற குரலில் திரும்பி வந்தது. ஓனரம்மா அதை முழுக்கக் கேட்டார். மெல்லத் தலையைத் தூக்கி மேடைப் பக்கம் பார்த்தார். என் கையில் ஆடுகிற இட்லித் தட்டைப் பார்த்தார்.

“கேக்காம பக்கெட்ட மாடிக்கு எடுத்துட்டுப் போனா, ஒடைஞ்சா யாரு வாங்கறது?” என்று இவளை ஒரு சத்தம் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “எனக்கு ரெண்டு இட்லி ஹாக்கம்மா” என்றார்.

வைத்தேன். அங்கேயே நின்று சாப்பிட்டார். போகும்போது, “நீ இனிமே மாடி ஏறி ரூமுக்கு டிபன் குடுக்காதே. பிள்ளைங்க கீழ வந்து எடுத்துக்கட்டும்” என்றார். முட்டிவாதம் என்று நான் சொன்னதைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

அவள் அப்புறம் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகிற அன்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “சுத்தமா இருக்கா, காட்டுங்க” என்று விரலிடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள். கொஞ்ச நாள் போன் பண்ணினாள். பிறகு நம்பர் மாறிவிட்டது போல. முக்காலி இருக்கிறது.

போன மாதம் களிம்பு வாங்க ஆனேக்கல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் ஓசூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். சேலையைத் தரையில் புரள இறக்கிக் கட்டியிருந்தாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே வேலை செய்கிற ஒரு நர்சம்மா அவள் கையில் போனைக் கொடுத்து, “இதப் பாத்துட்டிரு, டாக்டர் கூப்பிடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனிலிருந்து அந்தக் குரல் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு, என் காதுக்குப் பக்கத்தில். ‘இது ஒட்டாது’ என்று ஆரம்பித்தாள், சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே பேசுகிற மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்துப் பெண் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, போனை மடியில் கவிழ்த்தாள்.

“சீ. இதையெல்லாமா ஊரறியப் போட்டுக் காட்டுவாங்க? எவளோ, வெக்கம் கெட்டவ.”

எனக்கு அந்நியரிடம் பேச வராது. பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தனுப்பக்கூடக் கூச்சப்படுவேன். ஆனாலும் குனிந்து, அவள் மடியிலிருந்த போனைத் திருப்பி வைத்தேன். என் சேலையை விரற்கடை தூக்கி, செருப்பைக் கழற்றி, அந்தப் படமும் காலும் ஒன்றாகக் கண்ணில் படுகிற மாதிரி நீட்டினேன்.

அவள் போனைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், மெட்டி இருந்த இடத்தில் விழுந்திருந்த தழும்பைப் பார்த்தாள். போனிலும் அதே தழும்பு.

“அக்கா...” என்றாள்.

“கேளு. இப்பத்தான் முக்கியமான எடம் வருது.”

இரண்டு பேரும் குனிந்து கேட்டோம். போனில் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: “விரலிடுக்கை மறக்காதீங்க. துணியால ஒத்தி எடுங்க. மெதுவா. யாரும் துரத்தல.”